கிணற்றடியில் கப்பல் பம்புகள்

1

“ஏன் பாப்பா, இங்கிலீஷ் எழுத்துக் கூட்டியாவது வாசிப்பியா?”

பின் போர்ஷனில் வாடகைக்கு இருந்த வேதசிரோமணி கிணற்றுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்ட கேள்வி இது. இந்தக் கதை இதிலிருந்துதான் முளைத்தது. வேறு பெருமையான பூர்வீகம் எதுவும் இதற்குக் கிடையாது.

கேட்கப்பட்டவள் காமு. கிணற்றுக்கு இந்தப் பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தாள். ஒன்பதாவதோடு நின்றவள். வாசிக்கத் தெரியாமல் நின்றவள் இல்லை. வகுப்பில் எழுந்து நின்று வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் தொண்டைக்குள் யாரோ கதவைச் சாத்துவார்கள், அவ்வளவுதான். ஒரு நாள் வயிற்றுவலி என்று வீட்டில் தங்கினாள். அந்த வயிற்றுவலி இன்றுவரை தீரவில்லை.

இதை எழுதுகிறவளும் அந்தக் காமுதான். முதலில் ‘நான்’ என்றுதான் ஆரம்பித்தாள். ‘நான் துணி அலசிக்கொண்டிருந்தேன்’ என்று எழுதியதும் சேலையூரே தன்னைத் திரும்பிப் பார்ப்பதுபோல் இருந்தது. அடித்துவிட்டு, ‘காமு அலசிக்கொண்டிருந்தாள்’ என்று மாற்றினாள். அப்பாடா. யாரோ காமு, யார் துணியையோ அலசுகிறாள்.

வாசிப்பேன் என்று தலையாட்டினாள். வேதசிரோமணி ஒரு தடித்த புத்தகத்தைக் கிணற்றுச் சுவர்மேல் வைத்து இந்தப் பக்கம் தள்ளினார்.

“கேள்வி மட்டும் கேளு. பதில நான் சொல்றேன். தப்பா சொன்னா தப்புன்னு சொல்லு.”

“எனக்கு எப்படிண்ணா தெரியும்?”

“கேள்விக்குக் கீழயே பதிலும் கீது.”

(இங்கே காதலை எதிர்பார்க்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். வேதசிரோமணிக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, வழுக்கையும் விழுந்திருந்தது. தவிர, காமுவின் அம்மாவுடைய அடுக்களை ஜன்னல் கிணற்றடியைப் பார்த்துத்தான் வைக்கப்பட்டிருந்தது.)

2

இந்தக் கதைக்கு மூன்று தொடக்கங்கள் இருந்தன.

முதலாவது: ‘கரும்புயலில் சிக்கிய கப்பல் இடமும் வலமும் ஆடியது. எஞ்சின் அறையின் ஆழத்தில் வேதசிரோமணி தன்னந்தனியாக—’

அதோடு நின்றுவிட்டது. காமு கப்பலைப் பார்த்ததில்லை. சேலையூரில் கப்பல் கிடையாது. ஏரி உண்டு, எண்பத்தெட்டாம் வருஷக் கோடையில் அதில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். கப்பலை ஆட்டுவதற்குத் தண்ணீருக்கு எங்கே போவது?

இரண்டாவது: ‘பம்புகள் இரு வகைப்படும்.’ இது முழு உண்மை. இப்படி ஆரம்பிக்கிற எதையும் காமுவே படிக்க மாட்டாள்.

மூன்றாவது: ‘தன் புருஷன் பரீட்சையில் தேறிவிடக் கூடாது என்று தபீதாள் வேண்டிக்கொண்டாள்.’

இதுதான் சரியான தொடக்கம். சரியானதாக இருந்ததால்தான் காமுவுக்குப் பயம் வந்தது. முதல் வரியிலேயே ஒரு பெண்ணைக் காட்டிக்கொடுத்துவிட்டால், அப்புறம் அவள் என்ன செய்தாலும் வாசகர்கள் முறைத்துக்கொண்டேதான் பார்ப்பார்கள். ஆகவே தள்ளிவைத்தாள். இப்போது உளறியும் விட்டாள். போகட்டும். விஷயத்தைச் சொல்லிவிடலாம்.

வேதசிரோமணி இரும்புலியூர்க்காரர். கப்பலில் ஜூனியர் எஞ்சினியர். அடுத்த படி ஏற சர்க்கார் பரீட்சை ஒன்று உண்டு. எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டார். மிச்சம் இருந்தது ஓரல்ஸ்: ஹார்பர் பக்கத்து ஆபீஸில் சர்வேயர் என்று ஒருவர் எதிரே உட்கார்ந்து வாயால் கேள்வி கேட்பார், வாயால் பதில் சொல்ல வேண்டும். அதில் இவர் ஏற்கெனவே சில தடவை தவறியிருந்தார். தவறிய ஒவ்வொரு தடவையும் கேள்வி பம்பு. இந்தத் தடவையும் போனால் கப்பலை மறந்துவிட்டுக் கரையில் வேலை தேட வேண்டியதுதான். அவருக்கு அது சாவுக்குச் சமம். தபீதாளுக்கு அதுதான் வேண்டும்.

தேறினால் அவர் கப்பலேறிவிடுவார். ஏறினால் திரும்பி வர ஒரு வருஷம் ஆகும், அதற்கு மேலேயும் ஆகலாம். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் வீட்டில் இருந்த நாட்களைவிட இல்லாத நாட்கள்தான் அதிகம். புருஷன் படிக்கும்போது புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்க அவள் மறுத்தாள். அந்த இடத்துக்குத்தான் காமு வந்தாள்.

3

பம்புகள் இரு வகைப்படும். (எப்படியும் சொல்லித்தானே ஆக வேண்டும்.)

காமு கிணற்றுச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்வாள். வேதசிரோமணி அந்தப் பக்கம், துவைக்கிற கல்மேல். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. முகம் தெரியாவிட்டால் காமுவின் தொண்டைக் கதவு தானாகத் திறந்துகொண்டது. கேள்வி கிணற்றைத் தாண்டிப் போகும், பதில் கிணற்றைத் தாண்டி வரும்.

பதில் மூச்சு விடாமல் இங்கிலீஷில் வரும். வார்த்தைக்கு வார்த்தை புத்தகத்தில் இருப்பதுதான். முற்றுப்புள்ளிகூடக் கேட்கும்.

“சரியா பாப்பா?”

“சரிதாண்ணா. ஆனா, அப்படின்னா என்ன?”

இந்த ‘அப்படின்னா என்ன’ புத்தகத்தில் இல்லாத கேள்வி. அங்கேதான் வேதசிரோமணி மூச்சு வாங்குவார்.

“இன்னா பாப்பா நீ, பேஜார் பண்றே. சொல்றேன் கேளு. சென்ட்ரிஃபூகல் பம்புன்னா உள்ள ஒரு சக்கரம். இம்பெல்லர்னு பேரு. அது சுத்தற வேகத்துல தண்ணிய ஓரத்துக்கு வீசிடும். மழைல குடைய சுத்தினா பக்கத்துல கீறவன் நனையறான் இல்ல, அந்த மாரி. வீசினதும் நடுவுல காலியாவுது. காலியான எடத்துக்குப் புதுத்தண்ணி வந்துனே இருக்கும். கடல்தண்ணிய எடுத்து எஞ்சின குளிர வைக்கிறது, நெருப்புப் புடிச்சா அணைக்கிறது, எல்லாம் இதான்.”

“அப்போ பம்பு தண்ணிய இழுக்குது.”

“இழுக்காது! அதான் எல்லாரும் தப்பா சொல்றது. பம்பு காலி எடத்த உண்டாக்குது, அவ்ளோதான். தண்ணி மேல நிக்கற காத்து அழுத்தித் தள்ளுது. தள்ளறது காத்து, பேரு பம்புக்கு.”

காமு அன்று முழுக்க இதை நினைத்து ஆச்சரியப்பட்டாள். (தபீதாளின் காலி வீட்டையும் இந்தக் காலி இடத்தையும் ஒப்பிட்டு இங்கே அரைப் பக்கம் எழுதியிருந்தது. அடித்தாயிற்று. பம்பு பம்பாகவே இருக்கட்டும்.)

இன்னொரு வகை ரெசிப்ரோகேட்டிங். தெருமுனை அடிபம்பின் அண்ணன். முன்னும் பின்னும் போய் வரும். ஒரு தடவைக்கு ஒரு அளவு தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் மறுவேலை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் காமுவுக்கு வீட்டிலேயே விளங்கியது. சென்ட்ரிஃபூகல், வெளியே போகும் வழியை அடைத்துவிட்டால் உள்ளேயே சும்மா சுற்றிச் சூடாகிக்கொண்டிருக்கும்: அப்பா சாம்பசிவன், ரயில்வே குமாஸ்தா. ரெசிப்ரோகேட்டிங்கை அடைத்தால் குழாய் வெடிக்கும்: அம்மா அபிதகுஜாம்பாள். ஆகவே அதற்கு ரிலீஃப் வால்வு என்று ஒன்று கட்டாயம் வேண்டும். இவர்கள் வீட்டில் அந்த வேலையைப் பித்தளைப் பாத்திரங்கள் பார்த்தன.

இந்த இரண்டாம் வகையில்தான் கியர் பம்பும் சேர்த்தி, அது எண்ணெய்க்கு. இரண்டு பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று கோத்துச் சுற்றும். எண்ணெய் இரண்டுக்கும் நடுவே நசுங்கிப் போகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். போகாது. பல்லுக்கும் கூட்டுக்கும் நடுவே, ஓரமாகவே சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கம் சேர்ந்துவிடும். நடுத்தெருவில் நடக்காமல் சுவரோரமாகவே மளிகைக் கடைக்குப் போய் வருகிற காமுவுக்கு எல்லாப் பம்பிலும் இதுதான் பிடித்தது.

அதே வகை ஸ்க்ரூ பம்பு சத்தமே போடாது. திருகு சுற்றச் சுற்ற எண்ணெய் நேராக முன்னேறும். கல்யாண வீட்டில் யாரையும் இடிக்காமல் பந்திக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிற ஒரு மாமா இருப்பாரே, அவர்.

கடைசியில், முதல் வகைக்குத் தூரத்துச் சொந்தமான எஜெக்டர். இதில் ஓடுகிற பாகமே கிடையாது. ஒரு குறுகிய வாய் வழியாகத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால், அந்த வேகம் பக்கத்துக் குழாயில் இருக்கும் அழுக்குத் தண்ணீரையும் தன்னோடு அள்ளிக்கொண்டு போகும்.

“சானடோரியம் ஸ்டேஷன்ல நிக்காம போற ரயிலு பிளாட்பாரத்து காயிதத்த எல்லாம் இஸ்துகினு போவுது இல்ல? அதே.”

“ரயிலு காகிதத்த இழுக்கலைண்ணா. காத்து தள்ளுது.”

கிணற்றுக்கு அந்தப் பக்கம் துவைக்கிற கல்லை உள்ளங்கையால் தட்டுகிற சத்தம் கேட்டது.

“பரீட்சைல நீயே போய் பதில் சொல்லிடு பாப்பா.”

4

காமுவுக்குத் தபீதாளை எழுத வரவில்லை.

முதலில் வில்லியாக எழுதிப் பார்த்தாள். ‘யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தபீதாள் புத்தகத்தை எடுத்து அடுப்பில்—’ பொய். தபீதாள் அந்தப் புத்தகத்துக்குப் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டு, ஓரத்தில் பசையும் தடவி ஒட்டிக்கொடுத்தவள்.

அப்புறம் உத்தமியாக. ‘மண்டியிட்டு, கண்ணீர் மல்க, கர்த்தாவே என் கணவரை—’ இதுவும் பொய். நிஜமாக என்ன நடந்தது என்பதைத் தபீதாளே துவைக்கிற கல்லில் உட்கார்ந்து சொன்னாள், சிரித்துக்கொண்டு.

“ஞாயித்துக்கெழமை ஐயரு* ஜெபம் பண்றாரு. ‘பரீட்சைக்குப் போகும் எங்கள் சகோதரன் வேதசிரோமணிக்கு ஞானத்தைத் தாரும்’னு பேரச் சொல்லி. சர்ச்சே ஆமென்னுது. எனக்கு வாய் வரல காமு. சாமி முன்னால எப்படிப் பொய் சொல்றது? இருமிட்டேன்.”

“இருமினீங்களா?”

“பெரிய இருமல். பக்கத்துல கீற கிழவி மிட்டாய எடுத்துக் குடுத்திச்சி.”

(*இங்கே ஐயர் என்றால் பாஸ்டர். காமுவின் அப்பாவும் முதலில் குழம்பினார்.)

“நீங்களே கேள்வி கேட்டிருக்கலாமேக்கா. என்னைவிட நல்லா வாசிப்பீங்க.”

“நான் கேட்டா அவரு பாஸாயிடுவாரு. நீ எழுத்துக் கூட்டுற லட்சணத்துல மனுஷன் கொழம்பிடுவாருன்னு பாத்தேன். நீ இன்னாடான்னா அப்படின்னா என்ன, இப்படின்னா என்னன்னு கேட்டு அவர உருப்பட வச்சிட்டே.”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எழுதச் சிக்கல். தபீதாளுக்குக் கோபமே வராது. வந்தால் எழுதிவிடலாம்.

“அண்ணா தேறினா நல்லதுதானேக்கா?”

“நல்லதுதான். யாருக்கு?” தபீதாள் ஒரு சட்டையின் காலரை எடுத்துத் தேய்த்தாள். “அவரு கப்பலுக்குப் போயிட்டா எனக்கு இன்னா ஆவுதுன்னு தெரியுமா? ஒண்ணும் ஆவறதில்ல. அதான் பேஜாரு. காலையில எழுந்துக்கறேன், ஒண்ணும் ஆவல. சோறாக்கறேன், ஒண்ணும் ஆவல. போன தபா ஊர்லருந்து வந்து பெட்டிய வச்சதும் ‘இன்னா விசேஷம்’னு கேட்டாரு. ஒண்ணுமில்லன்னேன். ‘நல்லது’ன்னாரு.”

அவள் நேராகவே அவரிடம் கேட்டும் இருந்தாள். குரோம்பேட்டையில் எத்தனை கம்பெனி இருக்கிறது, காலையில் போய்ச் சாயங்காலம் வந்துவிடலாமே என்று. எல்லோருக்கும் கப்பலில்தான் தலை சுற்றும். தனக்குக் கரையில்தான் சுற்றுகிறது என்றார் வேதசிரோமணி.

“அப்படின்னா இந்தத் தபா நான் வழியனுப்ப வர மாட்டேன், சொல்லிட்டேன்.”

“வராத. மீனம்பாக்கம் வர்றதுக்குள்ள வெயிலு பொளந்துடும்.”

அவர் அதைக் கரிசனத்தோடுதான் சொன்னார். காமு காதால் கேட்டாள். இப்படிப்பட்ட மனிதர் கதையில் வந்தால் எழுதுகிறவளுக்கும் யாரைக் குற்றம் சொல்வதென்று தெரிவதில்லை.

5

இந்தப் பகுதியில் காமு தன்னைப் பற்றி எழுதியிருந்தாள். எடுத்துவிட்டாள்.

6

இப்போது மோட்டார்.

சேலையூரில் சாணித் தண்ணீர் தெரியாதவர்கள் கிடையாது. தெரியாத ஊர்க்காரர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கிணற்று மோட்டார் என்பதும் சென்ட்ரிஃபூகல்தான், கப்பலில் இருப்பதன் ஏழைத் தம்பி. அதற்குக் காற்றை வீசத் தெரியாது, தண்ணீரைத்தான் வீசத் தெரியும். உள்ளே தண்ணீர் நிரம்பியிருந்தால்தான் வேலை செய்யும். குழாயின் அடியில், கிணற்றுக்குள், ஃபுட் வால்வு என்று ஒரு மூடி உண்டு. மோட்டார் நின்ற பிறகு குழாயில் நிற்கும் தண்ணீர் இறங்கிவிடாமல் பிடித்துக்கொள்வது அதன் பொறுப்பு. அபிதகுஜாம்பாளின் ஃபுட் வால்வுக்குப் பொறுப்பு கிடையாது. காலையில் பார்த்தால் குழாய் காலியாக இருக்கும்.

“தம்பி! மோட்டார் எடுக்கலை!”

அடுக்களை ஜன்னலிலிருந்து இந்தக் குரல் வந்ததும் வேதசிரோமணி எந்த நிலையில் இருந்தாலும், பல் துலக்கிக்கொண்டிருந்தாலும், வாளியில் பசுஞ்சாணியைக் கரைத்துக்கொண்டு வந்து மோட்டார் தலையில் உள்ள மூடியைக் கழற்றி ஊற்ற வேண்டும். சாணியில் இருக்கும் நார் போய் வால்வின் இடுக்கை அடைத்துக்கொள்ளும். மோட்டார் கொஞ்சம் உறுமிவிட்டுத் தண்ணீரை எடுக்கும். முதல் குடம் பச்சையாக வரும். அதைச் செடிக்கு ஊற்றுவார்கள்.

“புது ஃபுட் வால்வு போட்டுடலாமே, அம்மா.”

“எதுக்கு? ஊத்தினா எடுக்குது இல்ல? கப்பலையே ஓட்டறவர், இதுக்கு அலுத்துக்கறீங்களே.”

“கப்பல்ல நான் ஜூனியர்மா.”

“இங்கே நீங்கதான் சீஃப்.”

(இந்த மோட்டார் பகுதி நீளமாகிவிட்டது என்று தோன்றுகிறது. குறைக்க மனமில்லை. கப்பலைப் பற்றிக் கதை எழுதுகிறவள் கண்ணால் பார்த்த ஒரே மோட்டார் பம்பு இது.)

7

பரீட்சைக்கு வேதசிரோமணி எலெக்ட்ரிக் ரயில் ஏறிப் போன காலையில் காமு முடிவை எழுதிவிட்டாள். அவர் பீச் ஸ்டேஷனில் இறங்குவதற்கு முன்பே இங்கே முடிவு தயார்.

முடிவு (அ): தவறிவிட்டார். ரெண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அப்புறம் குரோம்பேட்டைக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். சாயங்காலம் ஆனால் சைக்கிள் மணி கேட்கும். தபீதாள் ‘இன்னா விசேஷம்’ என்று கேட்பாள். அவர் ‘ஒண்ணுமில்ல’ என்பார். அவள் ‘நல்லது’ என்பாள்.

இது காமுவுக்குப் பிடித்த முடிவு. தபீதாளுக்குப் பிடித்த முடிவு. காலையில் சாணி கரைக்க ஆள் கிடைப்பதால் அபிதகுஜாம்பாளுக்கும் பிடித்த முடிவு. இத்தனை பேருக்குப் பிடித்தால் அது நடக்காது என்று காமுவுக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

மதியம் தாண்டி, ஜாங்கிரிப் பெட்டியோடு வேதசிரோமணி கேட்டைத் திறந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நேராகக் கிணற்றடிக்கு வந்தார்.

“ஓனரம்மா! எங்க கீறீங்க? உங்களாலதான் நான் பாஸு!”

அபிதகுஜாம்பாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தபீதாள் தன் வாசற்படியில் வந்து நின்றாள். காமு வழக்கம்போல் கிணற்றுக்கு இந்தப் பக்கம்.

இனி வருவது முடிவு (ஆ). இதை வேதசிரோமணி சொன்னபடியே எழுதுகிறாள். நம்பிக்கை வராதவர்களுக்கு (அ) அப்படியே இருக்கிறது, அடிக்கவில்லை.

“மொத கேள்வியே, ‘பம்பு ஓடுது, தண்ணி வரல, இன்னா பண்ணுவே’ன்றாரு. பதிலு தொண்டைல ரெடியா கீது. சக்‌ஷன் வால்வு, ஃபில்ட்டரு, ஏர் லீக்கு, எல்லாம் வரிசையா. நிமுந்து பாக்கறேன், எதிர்ல சர்வேயர் மூஞ்சி. நமக்குக் கிணத்தப் பாத்துதான பதில் சொல்லிப் பழக்கம்? மூஞ்சியப் பாத்தா ஒண்ணும் வரல. கண்ண மூடிக்கினேன். மூடினா நம்ம மோட்டாரு தெரியுது. ஓனரம்மா கத்தறாங்க. நான் எங்க கீறேன்னே மறந்துட்டேன். ‘ஒன் பக்கெட் கௌடங் வாட்டர், சார்’னுட்டேன்.”

“அட பாவி,” என்றாள் அபிதகுஜாம்பாள்.

“முடிஞ்சிதுடா வேதம்னு கண்ணத் தொறக்கறேன். அந்தாளு கண்ணாடியக் கழட்டி மேஜ மேல வச்சாரு. தமிழ்ல கேக்கறாரு: ‘பசுவா, எருமையா?’”

“நீங்க என்ன சொன்னீங்க, தம்பி?”

“பசு சார்ன்னேன். ‘எரும இன்னும் கெட்டியா புடிக்கும்’ன்றாரு. அவரு வூட்லயும் கிணறு போலக் கீது! அப்புறம் கேட்டாரு, சாணிய ஊத்தினா ஏன் எடுக்குதுன்னு. மனப்பாடம் பண்ண பதிலு எதுவும் இதுக்கு இல்ல. நானா சொன்னேன். அடியில ஓட்டை, அது வழியா தண்ணி எறங்குது, காத்து பூந்துக்குது, இந்தப் பம்புக்குக் காத்த வீசத் தெரியாது, நாரு போய் அடைக்குதுன்னு. ‘சரி, கப்பல்ல?’ன்றாரு. ‘கப்பல்ல மாடு இல்ல சார்’ன்னேன்.”

அபிதகுஜாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“‘மாடு இல்லன்னா?’ன்றாரு. ‘கடல் கீது சார். பம்பு கப்பலுக்கு அடியில, கடல் அதுக்கு மேல. கடல் பக்கத்து வால்வத் தொறந்து, பம்பு தலைல கீற சின்ன குழாய்ல காத்த வெளிய உட்டா, தானா ரொம்பிக்கும்’ன்னேன். அப்புறம் கியரு, எஜெக்டரு, எல்லாம் கேட்டாரு. ஒவ்வொண்ணுக்கும் உன் கொரல்தான் பாப்பா கேக்குது, ‘அப்படின்னா என்ன’ன்னு. ஒண்ணும் உடல. கையெழுத்துப் போட்டுட்டாரு. ஏஜென்டு ஆபீஸுக்கும் போயிட்டு வந்துட்டேன். வர்ற வாரமே பம்பாய்ல கப்பலு!”

சொல்லிவிட்டு ஜாங்கிரிப் பெட்டியைத் திறந்தார். முதலில் தபீதாளுக்குத்தான் நீட்டினார், அதையும் சொல்ல வேண்டும். அவள் ஒன்று எடுத்துக்கொண்டாள். வாசற்படியில் நின்றபடியே முழுவதும் தின்றாள். விரலில் ஒட்டிய பாகைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

8

இனி தபீதாள் பேச வேண்டிய இடம்.

காமு அவளுக்கு மூன்று பேச்சு எழுதி வைத்திருந்தாள். ஒன்று அழுகை. கல்லும் கரையும். படித்துப் பார்த்தால் யாரோ வானொலி நாடகத்தில் பேசுவதுபோல் இருந்தது. இன்னொன்று சாபம். அதில் கடல், கப்பல், சர்வேயர், அவருடைய எருமை எல்லாம் நாசமாகப் போயின. மூன்றாவது வேடிக்கைப் பேச்சு. தபீதாளின் வாய்க்கு அதுதான் பொருத்தம், ஆனால் அந்த நேரத்தில் அவள் முகத்துக்குப் பொருந்தவில்லை.

மூன்றும் இப்போது கசங்கிக் கிடக்கின்றன. உங்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம்: வாயைத் திறக்காமல் இருப்பது காமுவின் குணம் அல்லவா, அதைத் தூக்கித் தபீதாளுக்குப் போர்த்துகிறாளோ என்று. காமுவுக்கே அந்தச் சந்தேகம் வந்தது. அதனால் இந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறாள். தபீதாள் என்ன சொல்லியிருப்பாள் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கூச்சம் இருக்காது.

[..............................................................

..............................................................]

எழுதிவிட்டீர்களா? நன்றாக இருக்கிறது. அவள் அதைச் சொல்லவில்லை.

நடந்தது இவ்வளவுதான். வேதசிரோமணி ஜாங்கிரியோடு பக்கத்து வீட்டு மதிலுக்குப் போய், பசுவா எருமையா என்பதை அவர்களுக்கும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். தபீதாள் வேறு புடவை மாற்றிக்கொண்டு வெளியே வந்தாள். தலை சீவியிருந்தாள். ஒரு கையில் ஒயர் கூடை. இன்னொரு கையில் வேதசிரோமணியின் பெட்டி. கைப்பிடியில் விமானக் கம்பெனிச் சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் பெட்டி என்று இருந்தது அது ஒன்றுதான்.

“தபீதா, எங்க, கடைக்கா?” என்றார் அவர் மதிலிலிருந்து. அப்புறம்தான் பெட்டியைப் பார்த்தார். “ஏய், அது என் பெட்டி.”

அவருக்கு அந்த நேரத்தில் அதைத்தான் சொல்லத் தோன்றியது.

தபீதாள் கேட்டைத் திறந்து தெருவில் கால் வைத்துவிட்டுத் திரும்பினாள். அவரைப் பார்த்தாள். அபிதகுஜாம்பாளைப் பார்த்தாள். கிணற்றுக்கு இந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த காமுவைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள். எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவள் பெட்டியையும் கூடையையும் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு, கேம்ப் ரோடு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாள்.